இருநூறு வருஷம் நின்ற வீடுதானே? இங்கிலாந்துக் கடலோரத்தில் பழைய வீடு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. இங்கிலாந்தின் கிழக்குப் பக்கம், நார்ஃபோக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மைல் உள்ளே, பழைய ரெக்டரி ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. ரெக்டரி என்றால் கிராமத்துத் தேவாலயப் பாதிரியார் குடியிருப்பதற்கென்று இருந்த வீடு. பராமரிக்கக் கட்டுப்படியாகாமல் திருச்சபை இப்படிப்பட்ட வீடுகளைப் போன நூற்றாண்டில் ஏராளமாக விற்றுவிட்டது. நண்பர் ஒருவருக்கு வாங்கும் யோசனை. துணைக்கு நானும் போனேன். 1820களில் கட்டிய செங்கல் வீடு. ஆளுயர ஜன்னல்கள், வாசலைச் சுற்றிப் படர்ந்த விஸ்டீரியா கொடி, மாடியிலிருந்து பார்த்தால் கோதுமை வயலுக்கு அப்பால் கோடு போட்ட மாதிரி கடல். ஏஜென்ட் சற்று நகர்ந்ததும் நண்பர் சொன்னார்: "இருநூறு வருஷம் நின்ன வீடு. இனிமே இதுக்கு என்ன ஆயிடப் போகுது?"

பழைய வீடு வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளம்புகிறவைதான். வீடு சும்மா நிற்கவில்லை. சுவர் மூச்சு விட்டது, யாரோ ஒருவர் வருஷா வருஷம் மழைநீர் வாய்க்காலைச் சுத்தம் செய்தார், கடல் அப்போது இன்னும் தள்ளி இருந்தது. அதனால் நின்றது. இந்த மூன்றில் எது இன்னும் பாக்கி இருக்கிறது என்று பார்க்காமல் விலை பேசக் கூடாது.

ஓதம் என்றதும் சிமென்ட்டைத் தேடுவது

அந்த வீட்டின் வடக்குச் சுவரில் இடுப்பளவுக்குச் சாம்பல் நிறப் பூச்சு ஒன்று ஓடியது. அதற்கு மேலே இருந்த செங்கல்லைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தேன். முறுக்கு மாவு மாதிரி உதிர்ந்தது. இரண்டடி மேலே இருந்த கல் நல்ல கெட்டி.

நடந்தது இதுதான். போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல். சாதாரண வீட்டுச் சுவர்களுக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. நடுவில் இடைவெளி இல்லாத ஒரே கனச் சுவர். மழை பெய்தால் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் சுண்ணாம்பு வழியாகவே அதை வெளியே விடும். யாரோ ஒரு வீட்டுக்காரர் ஓதத்தைத் தடுப்பதாக நினைத்து அந்த வழியைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டார். உள்ளே மாட்டிய ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறியது. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் தெறித்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசி, அது நாலு மழைக்குப் பிறகு பொரிந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதில் அடுத்த தவறு, 'ஓதப் பரிசோதனை இலவசம்' என்று வருகிறவர்களை நம்புவது. இரண்டு ஊசி உள்ள மீட்டரைச் சுவரில் குத்துவார்கள், அது கத்தும், சுவரில் துளை போட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கணக்குக் கொடுப்பார்கள். அந்த மீட்டர் மரத்தின் ஈரத்தை அளக்க அளவு குறித்தது. அது பார்ப்பது மின்தடையை. சுவரில் உப்பு இருந்தாலே எகிறும். மருந்து விற்கிறவரே வியாதியையும் கண்டுபிடித்துச் சொல்கிற ஏற்பாடு இது. பல வீடுகளில் உண்மையான காரணம் மிகச் சாதாரணமானது: உடைந்த மழைநீர்க் குழாய், அல்லது வெளியே தோட்ட மண் ஏறி ஏறி உள்தரையைவிட உயரமாகிவிட்டது. மண்வெட்டியோடு தீர்கிற விஷயம்.

அன்று நாங்கள் மேலேயும் பார்த்தோம். கூரை விளிம்பில் வார்ப்பிரும்பு வாய்க்கால். அதன் மூலையில் ஒரு பட்லியா செடி, நம் ஊர்ச் சுவரில் அரசங்கன்று முளைத்த மாதிரி, சாவகாசமாக வளர்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே சுவரில் பச்சையாக ஒரு பட்டை. நண்பருக்கு அது அழகாகத் தெரிந்தது. அன்று வெயில் அடித்ததுதான் காரணம். பழைய வீட்டை முதல் தடவை எப்போது வேண்டுமானாலும் பாருங்கள். இரண்டாவது தடவை கொட்டுகிற மழையில் போங்கள். தண்ணீர் எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.

பேங்க் ஆள் அனுப்பிப் பார்த்தாச்சே!

பேங்க் அனுப்புகிற ஆள் வீட்டை மதிப்பிடுவது பேங்க்குக்காக. கொடுக்கும் கடனுக்கு வீடு தாங்குமா என்பதோடு அவர் வேலை முடிந்தது. சில சமயம் அவர் வீட்டுக்கு வருவதே இல்லை. உங்களுக்கு வேண்டியது லெவல் 3 எனப்படும் முழுக் கட்டட சர்வே. மேலோட்டமாகப் பார்க்கும் லெவல் 2 பழைய வீட்டுக்குப் போதாது. சர்வேயரை அமர்த்துமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: சுண்ணாம்பில் கட்டிய வீடுகளைப் பார்த்துப் பழக்கம் உண்டா? பதில் இழுத்தால் வேறு ஆள். பழைய கட்டடங்களுக்கென்றே 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் தொடங்கிய பாதுகாப்புச் சங்கம் இன்றும் இயங்குகிறது. அவர்களிடம் தொலைபேசியில் யோசனை கேட்கலாம்.

கிரேடு 2 தானே, முகப்பு மட்டும்தான்

கிரேடு 2 வீட்டில் முகப்பை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும் என்ற தப்பான நம்பிக்கை இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமும் இருக்கிறது. இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என்று மூன்று தரம். பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு 2. அந்தத் தரம் கட்டடத்தின் முக்கியத்துவத்தைக் குறிப்பது. பாதுகாப்பு எல்லாத் தரத்துக்கும் ஒன்றுதான்: உள்ளும் புறமும், மாடிப்படி, கதவு, கணப்பு அடுப்பின் சட்டம் வரைக்கும். வீட்டோடு சேர்ந்த வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே இருக்கும் மதில், தொழுவம்கூடப் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடத்தின் தன்மை மாறும்படி கை வைத்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறையும் வரம்பில்லாத அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. முந்தைய வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தாலும், அதைப் பிடுங்கிப் பழையபடி வை என்று கவுன்சில் இன்றைய வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும். இதற்குக் காலக்கெடு கிடையாது. குற்றம் செய்தவர் அவர், செலவு உங்களுடையது.

அதனால் வீடு பார்க்கும்போதே பட்டியல் போடுங்கள்: புதிதாகத் தெரிகிற சமையலறை, இடித்துச் சேர்த்த அறை, கூரை ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் அனுமதிக் கடிதம் எங்கே என்று சாலிசிட்டர் (சொத்து வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல்) வழியாகக் கேளுங்கள். ஆர்வக் கோளாறில் நீங்களே கவுன்சிலுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாத வேலைக்கென்று ஒரு காப்பீடு உண்டு. கவுன்சில் காதுக்கு விஷயம் போன பிறகு அது பொதுவாகக் கிடைக்காது. முதலில் சாலிசிட்டர், அப்புறம் மற்றதெல்லாம்.

இடையில் ஒன்று. செங்கல் வைத்து அடைத்த ஜன்னலைக் காட்டி, ஜன்னல் வரிக்குப் பயந்து மூடியது என்று ஏஜென்ட் கதை சொல்வார். 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்த வீடுகளும் நிறைய. திறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். அதற்கும் அனுமதி வேண்டும்.

கடல் ஒரு மைல் தள்ளி இருக்கிறதே

கடல்கோள் என்று அதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறவர்கள் நாம். இருந்தும் சொத்து வாங்கும்போது கடலைக் காட்சியாக மட்டும் பார்க்கிறோம். இந்தக் கிழக்குக் கரை மணலும் களிமண்ணும். பக்கத்து மாவட்டம் சஃபோக்கில் டன்விச் என்றொரு ஊர், ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286 புயலில் தொடங்கிய அழிவு அதோடு நிற்கவில்லை. ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த சில வீடுகளை வைத்துக்கொண்டு 1832 வரை பாராளுமன்றத்துக்கு இரண்டு பேரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக் கூத்து. நார்ஃபோக்கிலேயே ஹேஸ்பரோவில், நம் காலத்திலேயே ஒரு தெருவின் வீடுகள் ஒவ்வொன்றாகப் போயின. யார்க்ஷர் பக்கம் ஹோல்டர்னெஸ் கரை சராசரியாக வருஷத்துக்கு இரண்டு மீட்டர் வரை பின்வாங்குகிறது.

இதில் இரண்டு வேறு ஆபத்துகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அரிப்பு என்பது தூரக் கணக்கு: குன்றின் விளிம்பு வீட்டை நோக்கி வருகிறது. வெள்ளம் என்பது உயரக் கணக்கு. தாழ்ந்த நிலமாக இருந்தால் ஒரு மைல் என்ன, நாலு மைலும் கடலுக்குப் பெரிய விஷயமில்லை. 1953 ஜனவரி 31 இரவு வந்த கடல் பெருக்கில் இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். வெள்ளத்துக்கு 'ஃப்ளட் ரீ' என்ற ஏற்பாட்டால் கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்க வழி உண்டு. 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு, 2039 வரை. அரிப்பை அது தொடாது, சாதாரண வீட்டுக் காப்பீடும் தொடாது. இழப்பீடும் கிடையாது. வீட்டை இடித்து அப்புறப்படுத்த அதிகபட்சம் 6,000 பவுண்டு உதவித்தொகை உண்டு, அவ்வளவுதான்.

கரையோரம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, எதை எவ்வளவு காலம் காப்பது, எதைக் கடலுக்கு விட்டுவிடுவது என்று திட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசின் சுற்றுச்சூழல் முகமை இணையத்தில் வெளியிட்டிருக்கும் அரிப்பு வரைபடத்தையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வீடு தப்பினாலும் கிராமத்துக்குப் போகிற சாலை எந்தத் துண்டில் வருகிறது என்று பாருங்கள். சாலிசிட்டர் எடுக்கும் வழக்கமான சோதனைகளில் இது தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்; கேட்டு வாங்குங்கள்.

மண்ணுக்குக் கீழே, கூரைக்கு மேலே

கிராமத்து வீட்டுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு இல்லாமல் இருக்கலாம். செப்டிக் டேங்க் தண்ணீரை நேரே ஓடையில் விடுவதற்கு இப்போது தடை. 2020 தொடக்கத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். இன்னும் மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

கூரையில் வௌவால் இருந்தால் சட்டப்படி அதற்குத்தான் முன்னுரிமை. அந்தி நேரத்தில் வௌவால் வெளியே வருவதைக் கணக்கெடுப்பது மே முதல் செப்டம்பர் வரைதான் நடக்கும். அக்டோபரில் சாவி வாங்கினால், ஒழுகுகிற கூரையை அடுத்த கோடை வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ரெக்டரி போன்ற தேவாலய நிலத்துக்கு இன்னொரு பழைய வில்லங்கம்: தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வரலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. வார்விக்ஷர் கிராமம் ஒன்றில் இப்படி மாட்டிக்கொண்ட குடும்பம் அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் 2003இல் தோற்றது. கடைசியில் விதிக்கப்பட்ட தொகை 1,86,000 பவுண்டுக்கு மேல். 2013 அக்டோபருக்குப் பிறகு இதைப் பதிவேட்டில் குறித்திருக்க வேண்டும் என்று ஆனதால் பயம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அதற்குப் பின் கைமாறாத வீடென்றால் விசாரித்துவிடுங்கள்.

விலையோடு கணக்கை முடித்துவிடுவது

விலை 9 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குடியிருக்க வாங்கும் ஒரே வீடு என்றால் 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய விகிதப்படி முத்திரை வரி 35,000. லண்டனில் வீட்டை வைத்துக்கொண்டு இதை இரண்டாவதாக வாங்கினால் இன்னும் 5 சதவீதம் சேர்ந்து 80,000. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாங்கினால் மேலும் 2 சதவீதம். இரண்டாம் வீட்டுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கவும் 2025 ஏப்ரல் முதல் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு.

பழுது வேலைக்கு 20 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி. பாதுகாக்கப்பட்ட வீட்டில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு முன்பு வாட் கிடையாது. அந்தச் சலுகை 2012 அக்டோபரோடு போய்விட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த வீடென்றால் பல வேலைகளுக்கு 5 சதவீதம்தான். பூட்டிக்கிடந்ததற்குக் கவுன்சிலிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் பேசுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

நண்பர் சர்வே எடுத்தார். கூரை, வடக்குச் சுவர், செப்டிக் டேங்க் மூன்றுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொன்னார், விற்பவர் மசியவில்லை. இங்கிலாந்தில் ஒப்பந்தம் கைமாறும் வரை இரண்டு பக்கமும் விலகிக்கொள்ளலாம். விலகிக்கொண்டார். சர்வே கட்டணம் போனது போனதுதான். அடுத்த மே மாதம் அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்திப் பார்த்தோம். விற்பனைப் பலகையைக் காணோம். விஸ்டீரியா பூத்துத் தொங்கியது. வடக்குச் சுவருக்குப் பளிச்சென்று வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கூரை வாய்க்காலில் பட்லியா இப்போது ஒரு முழ உயரம்.