காலைக் கூட்டத்தில் தேசிய கீதம்: வன்னி ஆசிரியர்களுக்கு

முதலில் இலங்கைத் தேசியக் கொடி. பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் கம்பத்தை ஒட்டி வரவேண்டும், சிங்கத்தின் வாள் நுனி மேலே. அவசரத்தில் தலைகீழாக ஏறிவிடும். முதல்நாளே கயிற்றில் கட்டிப் பாருங்கள்.

கீதத்தைத் தமிழில் பாடலாம். சிங்களத்தில்தான் பாடவேண்டும் என்று யாரும் வந்து நின்றால், அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் மூன்றாம் அட்டவணையைத் திறந்து காட்டுங்கள்: ‘ஸ்ரீ லங்கா தாயே’ அங்கேயே இருக்கிறது. 2016 சுதந்திர தின அரச விழாவிலும் தமிழில் பாடினார்கள்.

சுருதியைத் தாழ்வாக எடுங்கள். உயர்த்தித் தொடங்கினால் நடுவில் சின்னப் பிள்ளைகளின் குரல் உடையும்.

வாயசைக்காத பிள்ளையை முன்னுக்கு இழுக்கவே கூடாது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் போரில் காணாமலாக்கப்பட்டோரை இன்னும் தேடும் வீடுகள் எத்தனையோ. அந்தப் பிள்ளை அமைதியாக, நேராக நின்றால் போதும். பெற்றோர் கேள்வியோடு வந்தால் வகுப்பறையில் இருத்தி, தனியே பேசுங்கள்.