கொலாஜன் பவுடர் எலும்பை உறுதியாக்குமா? இணைப்புத்திசு நோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் மூன்று முறை எலும்பு முறிந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "கால்சியம் பத்தலை" என்பதுதான். கேழ்வரகும் முட்டையும் கூடும், கால்சியம் சிரப்பும் வரும். அடுத்த முறிவும் வரும்.

எலும்பைக் கட்டடத் தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் அதன் கான்கிரீட், உள்ளே ஓடும் கம்பி கொலாஜன் என்ற புரதம். எலும்பு, தோல், ரத்தநாளம் போன்றவற்றைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத்திசுவின் முக்கியச் சரக்கும் அதுதான். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா எனப்படும் உடையும் எலும்பு நோயில் பழுது கம்பியில் இருக்கிறது. கால்சியமும் வைட்டமின் டி-யும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவற்றால் இந்த நோய் குணமாகாது.

கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியிலும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கிளைசின் வரும். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களிலேயே சிறியது அதுதான். மூன்று புரிகளும் நெருங்கும் நடு அச்சில் வேறு எதுவும் அடங்காது. ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் ஆர்ஜினின் போன்ற பருத்த ஒன்று உட்கார்ந்தாலும் முறுக்கு தடைபடும்.

மருத்துவ மாணவர்களே இங்கே ஒரு தவறு செய்வார்கள். "ஒரு மரபணுப் பிரதி நன்றாக இருக்கிறதே, பாதிக் கொலாஜனாவது நல்லதாக இருக்குமே?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வகைக் கொலாஜனில் ஆல்ஃபா-1 புரி இரண்டு, ஆல்ஃபா-2 புரி ஒன்று. ஆல்ஃபா-1 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் பிழை என்றால், இரண்டு புரியும் நல்லதாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மீதி முக்கால் பங்கு கயிறுகளிலும் பழுது கலந்துவிடும். அந்தப் பிரதி புரி எதையும் உருவாக்காமலே முடங்கிப்போனால், கயிறு பாதியாகக் குறையும், ஆனால் இருப்பதெல்லாம் நல்ல கயிறு. அது நோயின் மிதமான வகை. கெட்ட புரி சேர்வதைவிடப் புரியே இல்லாமல் போவது மேல்!

விளம்பரத்தைப் பார்த்து கொலாஜன் பவுடர் வாங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடலுக்குள் போன பவுடர் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைகிறது. அவற்றைக் கொண்டு உடல் மறுபடி கயிறு திரிக்கும்போது பின்பற்றுவது அதே பிழையான மரபணுவைத்தான்.

ஸ்கர்வி நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அங்கே மரபணு சரியாகவே இருக்கும். புரிகளை இறுக்கிப் பிடிக்கத் தேவையான வேதி மாற்றத்துக்கு வைட்டமின் சி இல்லை, அவ்வளவுதான். 1747இல் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்த ஸ்கர்வி மாலுமிகள் சில நாட்களில் தேறியதற்குக் காரணம் இதுவே.

உடையும் எலும்புள்ள சிசுவைத் தூக்குவதிலும் கவனம் வேண்டும். துணி மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்து உயர்த்தாதீர்கள். புட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்குங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கை கால்களை நீவி இழுக்கும் வழக்கம் இந்தக் குழந்தைக்கு வேண்டாம். அக்கறையுள்ள பாட்டிதான் அதைச் செய்வார், அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்காகக் குழந்தையை அசையாமல் படுக்கப்போடுவதும் தவறு. அசைவில்லாத எலும்பு இன்னும் மெலியும். இந்த நோயில் பலருக்கு விழி வெண்படலம் நீலமாக இருக்கும். அது நீலமாக இல்லை, அதனால் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. சில வகைகளில் அது வெள்ளையாகவே இருக்கும்.

மூட்டு, தோல், ரத்தநாளங்களைப் பாதிக்கும் இணைப்புத்திசு நோய்களான எலர்ஸ்-டான்லோஸ் நோய்களிலும் இதே போன்ற அவசர முடிவுகள் உண்டு. மூட்டு அளவுக்கு மீறி வளைந்தால்தான் இந்த நோய் என்பது தவறு. மூன்றாம் வகைக் கொலாஜன் கெடும் ரத்தநாள வகையில் பெரிய மூட்டுகள் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும், ஆனால் தமனியும் குடலும் கிழியக்கூடும். நன்றாக வளைகிறவர்கள் எல்லோரும் நோயாளிகளும் இல்லை.

நான் மிகவும் அஞ்சுவது மார்ஃபான் நோயைத்தான். இதில் கெடுவது ஃபைப்ரில்லின்-1 என்ற புரதம். சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நெடுநெடுவென்ற உயரமும் நீண்ட விரல்களும் கண்ணில் படும். விரிந்துகொண்டே போகும் பெருந்தமனியோ எக்கோ என்ற இதய ஸ்கேன் போன்றவற்றை எடுத்தால்தான் தெரியும். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றியது. இவர்களுக்குத் திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல வலித்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது. அந்த வகை மருந்துகள் பெருந்தமனி கிழியும் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்திருக்கிறது.

ஃபுளோ ஹைமன், 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்கக் கைப்பந்து அணியின் நட்சத்திரம். ஆறடிக்கு மேல் ஐந்து அங்குலம். 1986 ஜனவரியில் ஜப்பானில் ஒரு போட்டியின் நடுவே சரிந்து இறந்தார். வயது 31. முதலில் மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் பெருந்தமனி கிழிந்திருந்ததும் மார்ஃபான் இருந்ததும் தெரிந்தன. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே நோய். அவருக்கு அறுவை சிகிச்சை செய்ய நேரம் இருந்தது.