துடைக்கக் கூடாத கண்ணாடி: இயற்பியல் ஆய்வக உதவியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை ஒளியியல் அறைக்குள் நுழைந்தபோது, பணியில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த இளைஞர் ஒருவர் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணித் தகடு ஒன்றைக் கையில் ஏந்தி, வாயால் ஊதி, கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு எக்ஸ்டர்னல் வர்றாங்கண்ணா, எல்லாத்தையும் பளிச்சுன்னு வெச்சிருவோம்” என்றார். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் அதே மேசையருகே, அதே நல்லெண்ணத்தோடு நானும் அதையே செய்தேன். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது, கண்ணாடிக் குடுவையை மேசை ஓரத்தில் வைக்கக் கூடாது என்பன போன்றவற்றை முதல் நாளிலேயே எல்லோரும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யாரும் சொல்லாததால் புதிதாக வருகிறவர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் தவறுகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கீற்றணியைத் துடைத்தல்

நாம் கிரேட்டிங் என்று அழைக்கும் தகடு வெறும் கண்ணாடி அன்று. வைரமுனையால் நுண்ணிய கோடுகள் கீறப்பட்ட மூலத் தகட்டின் மேல் ஒரு கரைசலை ஊற்றி, அது உலர்ந்தபின் உரித்தெடுத்த மெல்லிய படலம் அந்தக் கண்ணாடியின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. அங்குலத்துக்கு 15,000 கோடுகள் கொண்ட தகட்டில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.7 மைக்ரோமீட்டர்தான். விரலின் எண்ணெய்ப் பசை அந்தப் பள்ளங்களில் படிந்துவிடுகிறது. துணியால் தேய்க்கும்போது அது வெளியே வருவதில்லை, இன்னும் ஆழமாக அழுந்துகிறது. துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள்கள் கோடுகளுக்குக் குறுக்கே புதிய கீறல்களை உண்டாக்குகின்றன. படலம் ஜெலட்டினாக இருந்தால் நீர் பட்டவுடன் உப்பிவிடும். செலுலோஸ் அசிட்டேட்டாக இருந்தால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும்.

இவற்றில் எதுவும் எனக்கு அன்று தெரியாது. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள், 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதை நினைவுகூரும் தேசிய அறிவியல் நாளில், அருகிலுள்ள பள்ளி மாணவர்களை அழைத்துப் பாதரச விளக்கின் நிறமாலையைக் காட்டுவது எங்கள் துறையின் வழக்கம். பிள்ளைகள் ஆர்வத்தோடு தகட்டை எடுத்துப் பார்ப்பார்கள். அன்று மாலை ஆறு தகடுகளிலும் விரல் ரேகைகள் இருக்கும். அந்த ஆண்டு ஏப்ரலில் தேர்வு நெருங்கியபோது, அந்தக் கறைகளோடு தகடுகளைப் புறத்தேர்வாளர் முன் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேதியியல் துறையிலிருந்து அசிட்டோன் கேட்டு வாங்கி வந்து, பஞ்சில் நனைத்து, ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்தேன். கண்ணாடி தெளிந்து மின்னியது. விளக்கின் முன் ஒரு தகட்டையாவது வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்காமலே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வேலையைச் செவ்வனே முடித்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் சீட்டுக் குலுக்கலில் அந்தச் சோதனை கிடைத்த மாணவி, ஒளி செங்குத்தாக விழும் நேர்ப்படுகை நிலைக்குத் தகட்டைத் திருப்பி, தொலைநோக்கியில் பச்சைக் கோட்டைத் தேடத் தொடங்கினார். அந்தத் தகட்டுக்கு 546.1 நானோமீட்டர் பச்சைக் கோடு முதல் வரிசையில், அதாவது நடுக்கோட்டுக்கு அடுத்து வரும் முதல் நிறமாலையில், சுமார் 18 பாகை 49 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை) கூர்மையாக நிற்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது அகன்ற, மங்கிய ஒரு பச்சைப் படலம். குறுக்குக் கம்பியை அதன் நடுவில் எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று முறை அளவெடுத்தார். மூன்றும் வெவ்வேறாக வந்தன. ஒளிக்கதிர்களை இணையாக அனுப்பும் குழாயான இணையாக்கியைச் சரியாக ஒழுங்கு செய்யவில்லை என்று தேர்வாளர் கண்டித்தார்; நானும் அப்படித்தான் நம்பினேன். அடுத்த வாரம் வேறொரு மாணவரும் அதே இடத்தில் தடுமாறிய பிறகுதான், ஆறு தகடுகளையும் விளக்கின் முன் வைத்துப் பார்த்து உண்மையை அறிந்தேன். அதற்குள் மதிப்பெண் பட்டியல் போய்விட்டது.

தகட்டின் விலையைத் துறை எப்படியோ சமாளித்துக்கொள்ளும். இன்றுவரை என்னை வருத்துவதும், யாராவது அந்தத் தகட்டைத் தேய்ப்பதைக் கண்டால் என்னைச் சினம் கொள்ளச் செய்வதும் வேறொன்று: தவறு செய்தது நான், தண்டனை பெற்றது அந்த மாணவி. கெட்டுப்போன தகடு கெட்டதாகத் தோன்றுவதில்லை, முன்பைவிடத் தூய்மையாகவே தோன்றுகிறது. அதனால் பழி எப்போதும் அளவெடுப்பவர் மேல் விழுகிறது.

ஆகவே தகட்டை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். தூசி இருந்தால் ரப்பர்க் குமிழால் காற்றை ஊதினால் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். விரல் ரேகை இருந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும், ஏனெனில் ஒரு ரேகையோடு தகடு நன்றாகவே வேலை செய்யும். படலத்தின் மேல் மூடு கண்ணாடி வைத்து ஒட்டிய தகடுகளும் உண்டு. அவற்றை மென்மையாகத் துடைக்கலாம். எது எந்த வகை என்பதைத் தகட்டைத் தாங்கும் சட்டத்தில் எழுதி ஒட்டிய பின்னரே அவற்றையும் தொட வேண்டும்.

தகட்டின் நலத்தை அறிய ஒரு சோதனை இருக்கிறது. பாதரசத்தின் இரண்டு மஞ்சள் கோடுகளும் (577.0, 579.1 நானோமீட்டர்) முதல் வரிசையில் ஏறத்தாழ 5 கலை இடைவெளியிலும், இரண்டாம் வரிசையில் சுமார் 12 கலை இடைவெளியிலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒளி நுழையும் பிளவை நன்கு குறுக்கிய பின்னும், இரண்டாம் வரிசையில்கூட அவை ஒன்றாகக் கலந்து தெரிந்தால், அந்தத் தகட்டை மாணவரிடம் கொடுக்கக் கூடாது.

ஒளி அலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு அளவெடுக்கும் மைக்கேல்சன் குறுக்கீட்டுமானியின் முன்பக்கம் பூச்சிட்ட ஆடிகளுக்கும் இதே விதிதான்.

மின்னழுத்தமானிக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்தல்

இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்று கற்றவர்கள், அதே வேகத்தில், மின்னழுத்தங்களை ஒப்பிட்டு அளக்கும் மின்னழுத்தமானியின் பத்து மீட்டர்க் கம்பியையும் தேய்த்துவிடுகிறார்கள். கம்பி முழுவதும் ஒரே தடிமனில் இருந்தால்தான் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மின்னழுத்தம் ஒரே அளவில் குறையும். அந்தச் சோதனை முழுவதும் இதை நம்பியே நிற்கிறது. ஓரிடத்தில் மெலிந்த கம்பி அங்கு மட்டும் பொய் சொல்லும், அதை எந்த மாணவராலும் கண்டுபிடிக்க முடியாது. கம்பியை உலர்ந்த மெல்லிய துணியால் ஒரு முறை வருடினால் போதும். கம்பியைத் தொட்டு அளவெடுக்கும் தொடுசாவியை இழுத்துக்கொண்டே போகாமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குழுவுக்கும் நாமே செய்துகாட்ட வேண்டும்.

ஆவி விளக்கை இடையில் அணைத்தல்

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் இது நடக்கிறது. சோடியம் விளக்கு முதலில் செந்நிறமாக ஒளிர்ந்து, முழு மஞ்சளுக்கு வர ஏறத்தாழ பத்து நிமிடங்கள் ஆகின்றன. சூடான பாதரச விளக்கோ அணைத்தால் ஆறும்வரை மீண்டும் எரியாது. மூன்று மணி நேர வகுப்பில் அந்த இழப்பு பெரிது. குழு உள்ளே வருமுன் ஏற்றி, வகுப்பு முடிந்த பிறகு அணையுங்கள்.

நிறமாலைமானியை முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்தல்

இது அன்பினால் செய்யும் தவறு. நிறமாலைக் கோடுகளின் கோணத்தை அளக்கும் இந்தக் கருவியின் கண்ணருகு வில்லையையும் தொலைநோக்கியையும் இணையாக்கியையும் நாமே சரிசெய்து வைத்தால் மாணவர் விரைவில் முடிப்பார், ஆனால் சோதனையின் பாதியைக் கற்காமல் போவார். திருகுகள் எளிதாகச் சுழல்கின்றனவா என்பதை மட்டும் பார்த்து வைப்பது நம் வேலை.

சரியான விடையைச் சொல்லிவிடுதல்

கேட்டாலும் சொல்லக் கூடாது.

சிந்திய பாதரசத்தைத் துடைப்பத்தால் கூட்டுதல்

ஒருபோதும் கூடாது, துளிகள் இன்னும் சிறிதாகச் சிதறி ஆவி பெருகும்.

பழுதான கருவியைச் சீட்டின்றி அலமாரியில் வைத்தல்

வகுப்பின் நடுவில் சிறு மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் ஒன்று நின்றுபோனால், வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, நின்றதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுகிறோம். அடுத்த வாரம் அது வேறொரு மேசைக்குப் போகிறது. பழுது என்ன, என்று கண்டது, யார் கண்டார் என்ற மூன்றையும் எழுதிய சீட்டைக் கருவியிலேயே கட்டி, பதிவேட்டிலும் குறித்து, தனி அலமாரியில் வைக்க வேண்டும்.

அந்த அலமாரியில் நான் கெடுத்த ஆறு தகடுகளும் சீட்டோடு இருக்கின்றன. புதிதாகச் சேர்பவருக்கு அவற்றில் ஒன்றையும் நல்ல தகடு ஒன்றையும் பாதரச விளக்கின் முன் மாற்றி மாற்றி வைத்துக் காட்டுகிறேன். அன்று மாலை அந்த இளைஞரும் பார்த்தார். அவர் கைக்குட்டையால் தேய்த்தது மூடு கண்ணாடி உள்ள தகடு என்பதால், மஞ்சள் கோடுகள் இரண்டும் பிரிந்தே தெரிந்தன.