மோடத்தை அணைத்துப் போட்ட பிறகு ஃபயர்வாலில் இணையம் வரவில்லையா? முதலில் முகவரியைப் படியுங்கள்

மோடத்தின் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன, ஃபயர்வாலும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எந்தக் கணினியிலும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. இந்த நிலையில் பெரும்பாலோர் இரண்டு கருவிகளையும் மாறி மாறி அணைத்துப் போடுவார்கள். சில வேளைகளில் அது பலித்துவிடும். பலிப்பதுதான் சிக்கல், ஏனென்றால் எது பழுதானது என்று தெரியாமலே சரியாகிவிட்ட இணைப்பு, அடுத்த மின்தடையின்போது அதே இடத்தில் மீண்டும் நின்றுவிடும். அணைப்பதற்கு முன் ஃபயர்வாலின் வான் போர்ட்டில் இப்போது எந்த ஐபி முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பழுது எந்தப் பக்கம் என்பதை அந்த ஓர் எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இணையத்தை நோக்கிய போர்ட்டை வான் என்றும், வீட்டுக்குள் இருக்கும் பக்கத்தை லேன் என்றும் அழைப்பது வழக்கம். வான் என்றால் வெளி என்று தமிழ்ப் பொருளிலேயே நினைவில் வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் மெனுப் பெயர்கள் பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலுக்கு உரியவை. ஓப்பன்சென்ஸிலும் பிற ஃபயர்வால்களிலும் இதே வசதிகள் சற்று வேறு பெயர்களில் இருக்கும்.

படி 1: மோடத்துக்கு நேரம் கொடுங்கள்

மின்சாரம் வந்தவுடன் மோடத்தின் ஈதர்நெட் போர்ட் சில நொடிகளில் உயிர் பெற்றுவிடும். ஆனால் சேவை நிறுவனத்துடனான அதன் இணைப்பு நிலைபெறச் சில நிமிடங்கள் பிடிக்கும். இணைய விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரியும்வரை காத்திருங்கள். அது நிலைபெறவே இல்லையென்றால் கோளாறு மோடத்துக்கு அப்பால் இருக்கிறது, ஃபயர்வாலில் எதையும் மாற்றாதீர்கள். மோடத்தையும் வான் போர்ட்டையும் இணைக்கும் கேபிளின் இரு முனைகளிலும் போர்ட் விளக்குகள் எரிகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: வான் முகவரியைப் படியுங்கள்

இணையம் இல்லாவிட்டாலும் ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் லேன் வழியாகத் திறக்கும். பிஎஃப்சென்ஸில் அதன் தொடக்க முகவரி 192.168.1.1 ஆகும். உள்ளே சென்று 'ஸ்டேட்டஸ்' மெனுவில் 'இன்டர்ஃபேசஸ்' பக்கத்தைத் திறந்தால், வான் பகுதியில் முகவரியும் கேட்வேயும் (வெளியே செல்லும் தரவு அடுத்துச் சேரும், நிறுவனத்தின் கருவி) தெரியும்.

முகவரி காலியாகவோ 0.0.0.0 என்றோ இருந்தால், ஃபயர்வால் கேட்டும் யாரும் முகவரி தரவில்லை என்று பொருள். மோடம் மேக் முகவரியை, அதாவது கருவியின் போர்ட்டுக்கு உரிய தனி அடையாள எண்ணை, பிடித்துவைத்திருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தொடங்கியபின் முதலில் பேசும் கருவியின் மேக் முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, வேறு கருவிக்கு முகவரி தர மறுப்பது பல கேபிள் மோடங்களின் இயல்பு. நான் தொடங்கிய காலத்தில் இதில் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன். இணையம் வருகிறதா என்று பார்க்க மடிக்கணினியை மோடத்தில் நேரடியாகச் செருகினேன், இணையம் வந்தது. உடனே கேபிளை ஃபயர்வாலுக்கு மாற்றினேன், வரவில்லை. எனவே ஃபயர்வால்தான் பழுது என்று முடிவு கட்டி, அதை முழுவதும் அழித்து மறுபடி நிறுவினேன். உண்மையில் மோடம் மடிக்கணினியை நினைவில் வைத்திருந்தது, அவ்வளவுதான். அப்படிச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் சோதித்தபின் மோடத்தின் மின்னிணைப்பைப் பிடுங்கி, ஃபயர்வாலின் கேபிளைச் செருகிவிட்டு, அதன் பிறகே மோடத்துக்கு மறுபடி மின்சாரம் கொடுங்கள்.

முகவரி 192.168.100 என்று தொடங்கினால், அது பெரும்பாலும் மோடமே தற்காலிகமாகக் கொடுத்தது. பல கேபிள் மோடங்களின் நிர்வாக முகவரி 192.168.100.1 ஆகும், வெளி இணைப்பு கிடைக்கும்வரை அவற்றுள் சில அதே வரிசையிலிருந்து ஒரு முகவரியை வழங்குகின்றன. அவசரப்பட்ட ஃபயர்வால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உண்மையான முகவரி வரக்கூடிய நேரத்தில் கேட்காமல் இருந்துவிடும். இதற்கு நிலையான தீர்வு உண்டு. வான் இன்டர்ஃபேஸின் அமைப்புப் பக்கத்தில், டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கேட்டு வாங்கும் முறை) பகுதியில் உள்ள 'ரிஜெக்ட் லீசஸ் ஃப்ரம்' என்ற கட்டத்தில் 192.168.100.1 என்று எழுதிச் சேமித்தால், மோடம் நீட்டும் தற்காலிக முகவரியை ஃபயர்வால் இனி ஏற்காது.

முன்பு வெளி முகவரி இருந்த இடத்தில் இப்போது 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், மோடம் பிரிட்ஜ் நிலையை (வெளி முகவரியை ஃபயர்வாலுக்கே கடத்திவிடும் நிலையை) இழந்து, தானே ரவுட்டராக மாறிவிட்டிருக்கக்கூடும். தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிய மோடங்களில் இது நடக்கும். உங்கள் லேனும் 192.168.1 வரிசையிலேயே இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரே வரிசை இருபுறமும் இருப்பதால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று ஃபயர்வாலால் தீர்மானிக்க முடியாது. மோடத்தை மீண்டும் பிரிட்ஜ் நிலையில் வையுங்கள். அதற்கு வழியில்லையென்றால் லேனின் வரிசையை மாற்றுங்கள். வானில் தனியார் முகவரிகளைத் தடுக்கும் விதியை நீக்கச் சொல்லும் அறிவுரை அடிக்கடி கிடைக்கும். அந்த விதி வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புகளையே தடுக்கிறது. வீட்டிலிருந்து தொடங்கும் இணைப்புகளுக்கு வரும் பதில்களை அது தொடுவதில்லை. அதை விட்டுவிடுங்கள்.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியைக் கண்டு கலங்க வேண்டாம். ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நிறுவனங்களுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்ட வரிசை அது. வெளியே செல்லும் இணைப்புகள் வழக்கம்போல் நடக்கும்.

படி 3: லீஸைப் புதுப்பியுங்கள்

பழைய வெளி முகவரி மாறாமல் இருந்தும் இணையம் இல்லையென்றால், மோடம் அணைந்ததையே ஃபயர்வால் அறியாமல் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் இருக்கும் வீடுகளில் இது நேரும். மோடம் அணைந்தாலும் சுவிட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையிலான இணைப்பு அறுபடாததால், ஃபயர்வால் பழைய லீஸை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முகவரியை வைத்துக்கொள்ளும் அனுமதியை, நம்பிக்கொண்டே இருக்கும். டிஹெச்சிபி முறைப்படி லீஸ் காலத்தின் பாதி கடந்த பின்னரே அது முதன்முறையாகப் புதுப்பிக்க முயலும். அதாவது 24 மணி நேர லீஸ் என்றால், அது வாங்கப்பட்டதிலிருந்து 12 மணி நேரம் கழித்துத்தான். அதுவரை காத்திருக்காமல், அதே இன்டர்ஃபேசஸ் பக்கத்தில் வானுக்கு உரிய 'ரிலீஸ்' பொத்தானையும், பிறகு 'ரெனியூ' பொத்தானையும் அழுத்துங்கள்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் லீஸ் கிடையாது. அங்கே இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். உடனே மறுக்கப்பட்டால், உங்கள் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நிறுவனத்தின் சர்வர் கருதிக்கொண்டிருக்கலாம். சில நிமிடங்கள் விட்டு முயலுங்கள்.

படி 4: கேட்வேயைச் சோதியுங்கள்

'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் உள்ள 'பிங்' பக்கத்திலிருந்து 1.1.1.1 அல்லது 8.8.8.8 முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். பதில் வந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். வராவிட்டால் 'ஸ்டேட்டஸ்' மெனுவில் 'கேட்வேஸ்' பக்கத்தைப் பாருங்கள்.

பிஎஃப்சென்ஸ் கேட்வேக்கு இடைவிடாமல் பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் அது செயலிழந்தது என்று குறித்துவிடுகிறது. சில நிறுவனங்களின் கேட்வேக்கள் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்டிருப்பதால், நன்றாக இருக்கும் இணைப்பும் சிவப்பாகத் தெரியலாம். 'சிஸ்டம்' மெனுவில் 'ரவுட்டிங்' பக்கத்துக்குச் சென்று, அந்தக் கேட்வேயின் 'மானிட்டர் ஐபி' கட்டத்தில் 1.1.1.1 போன்ற வெளி முகவரியைக் கொடுங்கள். இயல்புநிலைக் கேட்வேயாக வான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். விபிஎன் வைத்திருப்பவர்களுக்கு அந்த இடத்தில் சில வேளை விபிஎன் கேட்வே அமர்ந்திருக்கும்.

படி 5: எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை

அப்படியென்றால் கோளாறு, தளப் பெயர்களை முகவரி எண்களாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான். 'ஸ்டேட்டஸ்' மெனுவின் 'சர்வீசஸ்' பக்கத்தில் அந்த வேலையைச் செய்யும் அன்பவுண்ட் என்ற சேவையை மறுதொடக்கம் செய்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஃபயர்வாலின் கடிகாரத்தைப் பாருங்கள். இது பலர் எண்ணிப் பார்க்காத இடம். மின்தடையில் ஃபயர்வாலும் அணைந்து, அதன் பலகையில் உள்ள சிறு பேட்டரியும் தீர்ந்திருந்தால், கருவி பல ஆண்டுகள் பின்னோக்கிய தேதியுடன் எழும். டிஎன்எஸ் பதில்கள் உண்மையானவை என்று சான்றளிக்கும் டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருப்பதால், தவறான தேதியில் அவை செல்லாதவையாகத் தோன்றும், பெயர்களும் கிடைக்கா. நேரத்தைச் சரிசெய்ய வேண்டிய என்டிபி சேவையோ, தன் சர்வரையே பெயரால் தேடுகிறது. பெயர் கிடைக்காததால் நேரம் திருந்துவதில்லை, நேரம் திருந்தாததால் பெயர் கிடைப்பதில்லை. தேதியைக் கையால் சரிசெய்து இந்தச் சுழலை அறுத்துவிட்டு, பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

படி 6: ஒன்றிரண்டு கருவிகள் மட்டும் தயங்கினால்

கணினிகளில் எல்லாம் திறந்த பிறகும் இணையத் தொலைபேசி மட்டும் ஊமையாக இருக்கலாம். வெளி முகவரி மாறிவிட்ட பின்னும், நடக்கும் இணைப்புகளை ஃபயர்வால் குறித்துவைக்கும் ஸ்டேட் பட்டியலில் பழைய முகவரியோடு பதிவான இணைப்பை அது தொடர்ந்து பயன்படுத்துவதே காரணம். சில நொடிகளுக்கு ஒருமுறை அது எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பதால், அந்தப் பதிவு காலாவதியும் ஆவதில்லை. 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'ஸ்டேட்ஸ்' பக்கத்துக்குச் சென்று, அந்தக் கருவியின் லேன் முகவரியைக் கொண்டு வடிகட்டி, அதன் பதிவுகளை மட்டும் நீக்குங்கள். மொத்தப் பட்டியலையும் அழிக்கும் வசதியும் அங்கே உண்டு. அதை அழுத்தினால் நீங்கள் திறந்து வைத்திருக்கும் நிர்வாகப் பக்கமே சிறிது நேரம் உறைந்து நிற்கும்; பக்கத்தை மறுபடி ஏற்றினால் போதும், மோடத்தின் ஸ்விட்சைத் தேடிப் போக வேண்டாம்.