ஒரு மா சம்பாவின் கணக்கை முழுதாக எழுதுவது எப்படி

சம்பா அறுவடை முடிந்து நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்று, காவிரி டெல்டாவின் பெரும்பாலான வீடுகளில் ஒரு மனக்கணக்கு ஓடும். உரக்கடைக்கு இவ்வளவு, அறுவடை இயந்திரத்துக்கு இவ்வளவு, நகையைத் திருப்ப இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, "இந்த வருஷம் கையைக் கடிக்கவில்லை" என்று முடித்துக்கொள்வோம். கையைக் கடித்ததா இல்லையா என்பதை அறிய அந்தக் கணக்கு போதாது. நாற்பது பக்க நோட்டு ஒன்றும், இரண்டு நிறப் பேனாக்களும், நாற்றங்கால் விட்ட நாள் முதல் எழுதும் பழக்கமும் வேண்டும்.

முதலில் அளவைகளை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். நாம் விளைச்சலைச் சொல்வது மாவுக்கு, அதாவது ஏறத்தாழ 33 சென்ட் நிலத்துக்கு, இத்தனை மூட்டை என்று. அந்த மூட்டை 60 கிலோ. கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் சிப்பம் 40 கிலோ. அரசு விலை அறிவிப்பது குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. இந்த மூன்றுக்கும் நடுவில்தான் பலருடைய கணக்கு தடுமாறுகிறது. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாய், ஆகக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதாவது சிப்பத்துக்கு 1,000 ரூபாய். ஒரு மாவில் 14 மூட்டை கண்டதாக வைத்துக்கொண்டால் 840 கிலோ; 21 சிப்பம்; 21,000 ரூபாய். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு மேலே செல்லலாம்.

கையிலிருந்து ரொக்கமாகப் போனவற்றை எழுதுவது எளிது. உழவு, விதை, உரம், மருந்து, கூலி, இயந்திர வாடகை என்று தேதியோடு எழுதினால் போதும். கடனுக்கு வாங்கிய உரத்தை மட்டும் ரொக்க விலையில் ஒரு வரியும், கடைக்காரர் கூட்டிப் போட்ட தொகையில் ஒரு வரியுமாகப் பிரித்து எழுதுங்கள். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணை தவறாமல் கட்டியவருக்கு வட்டியில்லை. ஆனால் கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயரில்லாமல் வாய்மொழிக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் அந்தச் சங்கத்தின் படியேறுவது கடினம். அவருக்கு இந்த இரண்டாவது வரி நீளும்.

இனி, கூலி கொடுக்காத வேலைகள். எங்கள் வீட்டு நோட்டில் முதல் இரண்டு வருடம் இந்தப் பக்கமே கிடையாது. மூன்றாம் வருடம் எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மாவின் வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன: விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டியது, நடவுக்கு வந்த பெண்களுக்குத் தேநீர் கொண்டுபோனது, நாற்று பிடிக்காத இடங்களில் மறுபடி நட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட நெல்லைக் காயவைத்து, மழை தூறும்போதெல்லாம் தார்ப்பாய் இழுத்து மூடி, குவியலுக்கு அருகிலேயே ஐந்து இரவுகள் படுத்திருந்தது. அதை எந்தக் கூலி விகிதத்தில் எழுதுவது என்று வீட்டில் விவாதம் வந்தது. இரவுக் காவலுக்கு ஓர் ஆணை அமர்த்தியிருந்தால் கொடுத்திருக்கும் தொகையையே எழுதினேன். பெண்ணுக்கு உரிய கூலி என்று குறைத்து எழுதுவதற்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை.

அரசின் விலை நிர்ணயக் கணக்கிலும் இந்தப் பக்கங்களுக்குப் பெயர் உண்டு. ரொக்கச் செலவும் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தால் அந்தக் குத்தகையும் ஏ2; அதனுடன் குடும்பத்தாரின் உழைப்பைக் கூட்டினால் ஏ2 கூட்டல் எஃப்எல்; சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. மத்திய அரசு ஒன்றரை மடங்கு விலை தருவதாகச் சொல்வது இரண்டாவதன் மீது; விவசாயச் சங்கங்கள் கேட்பது மூன்றாவதன் மீது. உங்கள் நோட்டில் மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள். செய்தித்தாளில் வரும் வாய்ச்சண்டை அப்போது உங்கள் வயலின் கணக்காகவே புரியும்.

இப்போது இரண்டாவது பேனாவை எடுங்கள். நீங்கள் பேரம் பேச முடிந்த வரிகளை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுச் சுழியுங்கள். டிஏபி உர மூட்டையின் விலையை நீங்கள் பேசவில்லை. டீசல் விலையைப் பேசவில்லை. மழை மிரட்டும் வாரத்தில், சேற்றில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டிக்கு மணிக்கு என்ன கேட்டார்களோ அதையே கொடுத்தீர்கள். விற்கும் விலையும் வேறெங்கோ முடிவானது. சுழிப்பு விழுவது பெரும்பாலும் இரண்டே இடங்களில்: நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களின் கூலி ஒன்று, உங்கள் வீட்டாரின் கூலியில்லா உழைப்பு மற்றொன்று. மேலிருந்து வரும் நெருக்கடியை நாம் இறக்கிவைக்கும் இடங்கள் இவைதாம். "ஆள் கூலிதான் விவசாயத்தை அழித்தது" என்று தேநீர்க் கடையில் நாம் சலித்துக்கொள்வதும் இதனால்தான்; எதிரே நின்று கேட்பவரோடுதானே வாக்குவாதம் செய்ய முடியும், உரத் தொழிற்சாலை வரப்பில் வந்து நிற்பதில்லை.

இந்தச் சலிப்புக்கு இந்த மண்ணில் கொடிய வரலாறு இருக்கிறது. கூலி உயர்வும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். சிறுவிவசாயியின் நோட்டில் கூலி வரியைச் சுழிக்கும்போது இது நினைவில் இருப்பது நல்லது.

கடைசியாக, நோட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே வாய்க்காலில் பாயும் நான்கைந்து வீட்டார் தத்தம் நோட்டோடு ஒருநாள் மாலை உட்காருங்கள். இயந்திர வாடகையை அறுவடைக்கு முன்பே சேர்ந்து பேசுவது, உரத்தை மொத்தமாக ரொக்கத்துக்கு எடுப்பது, தார்ப்பாயைப் பொதுவில் வாங்குவது ஆகியவற்றை அங்கேயே முடிவுசெய்யலாம். சுழிக்க முடியாத சில வரிகள் அப்போது சுழிக்கக்கூடியவையாக மாறும். நடவு ஆட்களையும் அழையுங்கள். அவர்கள் வருடத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது, குழுக்கடனுக்கு வாரம் எவ்வளவு கட்டினோம் என்று சொல்வதற்கு நோட்டில் நான்கு பக்கம் காலியாக விட்டுவையுங்கள்.