மூன்றாம் கியரை மட்டும் மாற்றினேன்

வார நாளில் ஓ.எம்.ஆர். நெரிசல், விடுமுறையில் இருங்காட்டுக்கோட்டை டிராக். இரண்டுக்கும் இதே ஸ்போர்ட்ஸ் கார்தான். டிராக்கில் என்ஜின் 6,500 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் ஊசி 4,150-க்கு விழும். வளைவு முடிந்ததும் இழுவையே இருக்காது. இரண்டாம் கியரின் விகிதம் 2.05, அடுத்த மூன்றாவதோ 1.31; அந்தப் பெரிய இடைவெளிதான் காரணம்.

கியர் விகிதங்கள் எல்லாமே நெருக்கமாக இருக்கும் முழு குளோஸ் ரேஷியோ கியர்பாக்ஸ் போடச் சொன்னார்கள். அதில் முதல் கியரே நீளம்; டைடல் பார்க் சிக்னலில் கிளட்ச்சைத் தேய்த்துத்தான் கிளம்ப வேண்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லா கியருக்கும் பொதுவான கடைசிப் பல்சக்கர ஜோடியான ஃபைனல் டிரைவை மாற்றினாலும், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளி குறையாது. அதனால் மூன்றாம் கியர் ஜோடியை மட்டும் 1.45 ஆக்கினோம், ஹெலிகல் எனும் சாய்ந்த பற்களிலேயே. நேர்ப்பல் கியரின் ஊளையைத் தினமும் கேட்க முடியாது!

இப்போது ஊசி 4,600-ல் நிற்கிறது. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கொஞ்சம் விரிந்தது உண்மை. நேர்பாதையில் அது பெரிதாகத் தெரிவதில்லை. ஈ.சி.ஆர். பயணத்துக்கு 0.8 ஐந்தாம் கியர் அப்படியே இருக்கிறது.