காலிக் கோட்டையில் ஒரு விடுமுறை நாள்: முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

இலங்கையின் தென்கரையில், மூன்று புறமும் கடல் சூழ்ந்த காலிக் கோட்டையை ஒரே பகலில் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் எதை எந்த வேளையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். மதில்மேல் நிழல் மிகக் குறைவு என்பதால், வந்தவுடன் அதன்மேல் ஏறி உச்சி வெயிலில் களைத்துப்போகாமல், தெருக்களை முதலிலும் மதிலை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நாளும் பயணமும்

கோடை விடுமுறையில் வருவோர் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது. அப்போது பல கடைகள் மூடியிருக்கும், புகையிரதங்களிலும் நெரிசல் மிகும். மே பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலைப் புகையிரதத்தில் ஏறி, பயணத் திசையில் வலப்பக்கம் அமர்ந்தால் வழிநெடுகக் கடலைக் காணலாம். காலி நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே செல்லலாம்.

படி 2: பழைய வாயிலால் நுழையுங்கள்

பெரும்பாலோர் ஆங்கிலேயர் 1873இல் திறந்த பெரிய வாயிலாலேயே நுழைகின்றனர். நீங்கள் சற்றுச் சுற்றி, துறைமுகப் பக்கமுள்ள பழைய வாயிலுக்குச் செல்லுங்கள். அதன் வெளிமுகத்தில் பிரித்தானிய அரச சின்னம் இருக்கிறது. உள்ளே சென்று திரும்பிப் பார்த்தால், இரு சிங்கங்கள் தாங்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையும் அதன் உச்சியில் ஒரு சேவலும் 1669ஆம் ஆண்டும் தெரியும். ஆட்சி கைமாறிய வரலாற்றை ஒரே வாயிலின் இரு முகங்களில் காணலாம்.

படி 3: வெயில் நேரம் தெருக்களுக்கு

வாயிலை ஒட்டிய பழைய பண்டகசாலையில் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. 1659இல் இத்துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் கப்பலிலிருந்து மீட்ட பொருட்களை அங்கே காணத் தவறாதீர்கள். அடுத்து, 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அதன் தரையில் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதால், மண்டையோடு செதுக்கிய கற்களையும் குடும்பச் சின்னங்களையும் குனிந்து பார்த்தபடி மெதுவாக நடக்க வேண்டியிருக்கும்.

மதிய உணவுக்குப் பின் வெளிச்சவீட்டை நோக்கித் தெற்கே நடந்தால், முதற்பார்வைக்குத் தேவாலயம் போலவே தோன்றும் மீரான் பள்ளிவாசலை அடைவீர்கள். உள்ளே செல்ல விரும்புவோர் தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடலை மறைக்கும் உடையுடன் சென்று அனுமதி கேளுங்கள். இப்பகுதி முஸ்லிம்கள் பலரிடம் தமிழிலேயே பேசலாம்.

படி 4: நான்கு மணிக்கு மேல் மதில்

வெளிச்சவீட்டருகே மதிலேறி, கடல் இடக்கைப்பக்கம் இருக்குமாறு நடக்கத் தொடங்குங்கள். முதலில் கொடிப்பாறையும், பின்னர் ட்ரைட்டன், நெப்டியூன் கொத்தளங்களும் வரும். ஓரிடத்தில் நின்று சுவர்க் கற்களைக் கூர்ந்து பாருங்கள்: கருங்கல்லுக்கிடையே, நுண்ணிய துளைகளும் கிளைக்கோடுகளும் கொண்ட பவளப்பாறைத் துண்டுகள் பதிந்திருக்கும். கடலிலிருந்து எடுத்த கல்லையே கடலுக்கு எதிராக அடுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பல இடங்களில் விளிம்புக்குத் தடுப்பு இல்லாததால் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கொடிப்பாறையிலிருந்து கடலில் குதித்துக் காட்டும் இளைஞர்களைப் பார்த்து நீங்களும் முயல வேண்டாம். கீழே இருப்பது பாறை.

வடக்கே திரும்பியதும் மதில் தடித்து உயர்வதைக் கவனியுங்கள். 1588இல் அரண் அமைத்த போர்த்துக்கேயர் நிலப்பக்கத்தையே முதன்மையாகக் காத்தனர்; 1640இல் காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1663 முதல் முனை முழுவதையும் மதிலால் வளைத்தனர். நட்சத்திரம், சந்திரன், சூரியன் ஆகிய மூன்று கொத்தளங்களும் நிலத்தை நோக்கி நிற்பவை. மணிக்கூட்டுக் கோபுரம் அமைந்த சந்திரக் கொத்தளத்திலிருந்து துடுப்பாட்ட மைதானம் முழுவதும் தெரியும். 2004 ஆழிப்பேரலை அந்த மைதானத்தையும் வெளிநகரையும் சிதைத்தபோது, மதிலுக்குள் இருந்த ஊர் பெருமளவு தப்பியது.

படி 5: திரும்பும் வழியில்

கொத்தளத்திலிருந்து இறங்கினால் பெரிய வாயில் பக்கத்திலேயே இருக்கிறது. இருட்டுமுன் நிலையத்தை அடைந்துவிடலாம். கொழும்பில் மறுநாள் தங்குவோர் தேசிய அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டு பொறித்த, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனம், பாரசீகம் ஆகியவற்றுடன் அதிலுள்ள மூன்றாவது மொழி தமிழ். அத்தமிழ்ப் பகுதி, தென்னாவர நாயனார் என்னும் தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது.